மயில் வேண்டாம், மயில்கண் போதும்: கைவினை அணிகலன்களுக்கு இயற்கையிலிருந்து டிசைன் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காஞ்சிப் பட்டின் கரையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மயில்கண் என்று பெயர், ஆனால் அங்கே மயிலைக் காணோம். ஒரு வட்டம், உள்ளே ஒரு புள்ளி, அவ்வளவுதான். மல்லிமொக்கில் கொடி இல்லை, இலை இல்லை, விரியாத அரும்பு மட்டும் உடல் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. தாழம்பூ ரேக்கில் மடல் ஓரத்துப் பல்வரிசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. முழு மயிலும் அன்னமும் யாளியும் முந்தியில் வருவதுண்டு. அவை பழகிய கை கேட்பவை. அன்றாடம் நூற்றுக்கணக்கான முறை திரும்ப வருகிற உருக்கள் எல்லாம் இப்படி ஏதோ ஒன்றின் ஒரு துண்டுதான்.

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் இன்று ஆரி வேலை தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. டெரகோட்டா நகை செய்பவர்களும் கூடி வருகிறார்கள். கை வேலை சுத்தமாக இருக்கிறது. டிசைன்தான் செல்போனிலிருந்து வருகிறது. எந்த ஊர் என்று தெரியாத ரோஜா, யாரோ வரைந்த மயில். அதே படத்தை மாநிலம் முழுக்கப் பலரும் செய்வதால் விலையும் ஏறுவதில்லை. வீட்டுக்கு வெளியே ஏரியும் வயலும் பனையும் இருக்கும்போது இது தேவையில்லாத ஏழ்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. வரையத் தெரியாதவர்களும் பின்பற்றக்கூடிய வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

படி 1: பொருளை முதலில் முடிவு செய்யுங்கள்

டிசைன் போட்டுவிட்டு எதில் வைக்கலாம் என்று தேடுவது தலைகீழ் வேலை. கம்மலா, சுருக்குப் பையா, தலை கிளிப்பா என்று முதலில் தீர்மானியுங்கள். கம்மல் என்றால் கிடைக்கும் இடம் 2 முதல் 3 செ.மீ. அதைப் பார்ப்பவர் நாலைந்து அடி தள்ளித்தான் நிற்பார். மண்ணில் 1 மி.மீ.க்குக் குறைந்த கோடு சுட்டபின் தெரியாது. ஆரி ஊசியில் போடும் சங்கிலித் தையலுக்கு அதன் அகலத்துக்குக் கீழே எந்த நெளிவும் வராது.

அதனால் முதல் நாளே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வரைந்ததை நிஜ அளவில் வெட்டிச் சுவரில் ஒட்டி, ஐந்தடி பின்னால் போய்ப் பாருங்கள். அங்கிருந்து தெரியாத கோடு எதற்கும் பொருளில் இடமில்லை.

படி 2: பார்க்கப் போங்கள்

உத்திரமேரூர் என்றதும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஊர்ச்சபைத் தேர்தலை விவரிக்கும் குடவோலைக் கல்வெட்டைச் சொல்வார்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தது. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. அந்தத் தேர்தலில் பேர் எழுதிக் குடத்தில் போட்டது பனை ஓலையில். நம் வேலையையும் பனையிலிருந்தே தொடங்கலாம். ஒரு பனையே ஒரு டிசைன் புத்தகம். விரிந்த ஓலையின் விசிறி மடிப்பு, அடிமரத்தில் மட்டை விழுந்த வடுக்கள் வளையம் வளையமாக ஏறும் அடுக்கு, இளங்காயைச் சீவினால் தெரியும் நுங்கின் மூன்று கண். மூன்று கண்ணும் வட்டத்துக்குள் முக்கோணமாக உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். ஒரு ஸ்டட் கம்மலுக்கு அதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டாம்.

ஏரிக்கரையில் கருவேலங்காய் கிடைக்கும். விதைக்கு விதை இறுகி, மணி கோத்த மாலையாகவே காய்க்கிறது. கழுத்துச் சரத்துக்கு வேறு யோசனை தேவையில்லை. நத்தை ஓட்டின் சுழி, தட்டான் இறக்கையின் நரம்பு, பூவரசு இலையின் இதய வடிவம், வேப்பிலையின் ரம்பப் பல், நெல் கதிரில் மணிகள் மாறி மாறி அமரும் ஒழுங்கு, எல்லாம் நடந்து போகும் தூரத்தில்.

வேடந்தாங்கல் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு உள்ளேதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை போனால் கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை என்று பார்க்கலாம். நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியே ஒரு நல்ல கொக்கி வடிவம். பறவையை வரையாமல் அலகை மட்டும் வரையுங்கள்.

கோயிலுக்கும் போங்கள். சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில் பல்லவர் காலத்தது. இயற்கையைக் கல்லுக்கு எப்படிச் சுருக்கினார்கள் என்று இம்மாதிரிக் கோயில்களில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கல்லில் எண்ணெய் தடவி, சுண்ணாம்பு தேய்த்துப் படி எடுக்காதீர்கள். கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தால் போதும். படமும் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்தால் பிறகு அளவு குழம்பாது.

இன்னொரு எச்சரிக்கை. விழுந்து கிடக்கும் நாரை இறகை எடுத்துவந்து கம்மலில் கோக்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது. இறகின் கோடுகளை நோட்டில் எடுத்து வாருங்கள், இறகு அங்கேயே இருக்கட்டும்.

படி 3: ஒரு துண்டைப் பிரித்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. எருக்கம்பூவை வைத்துச் செய்து பார்ப்போம். பறிக்கும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பூவை மேலிருந்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, பிளேடால் குறுக்கே வெட்டி ஒரு முறை, உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக வரையுங்கள். அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து இதழ், நடுவே ஐந்து மடல் கொண்ட ஒரு கிரீடம், மேலே ஐந்து மூலையுள்ள ஒரு தட்டு. இப்போது ரப்பரை எடுங்கள். நரம்பை அழியுங்கள், நிழலை அழியுங்கள். இதழ் நுனியின் சுருளை அழியுங்கள். ஒவ்வொரு முறை அழித்த பின்னும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு “இது என்ன பூ?” என்று கேளுங்கள். எருக்கு என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை அழித்துக்கொண்டே போகலாம்.

போகப் போக ஒன்று தெரியவரும். இதழ்களை முழுசாக அழித்தாலும் எருக்கு நிற்கும். நடுக் கிரீடத்தை அழித்த நொடியே அது ஏதோ ஒரு பூவாகிவிடும். இதழ் பெரும்பாலான பூக்களுக்கு உண்டு, எருக்கைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கிரீடம்தான். ஆகவே உங்கள் உரு அந்தக் கிரீடம். மற்றதை எல்லாம் வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இதே சோதனையைப் பனங்காயில் செய்தால் மூன்று கண் மிஞ்சும். கருவேலங்காயில் மணிக்கும் மணிக்கும் நடுவே இருக்கும் இறுக்கம் மிஞ்சும். அதை விட்டுவிட்டு மணியை மட்டும் வரைந்தால் வெறும் பாசிமாலைதான் வரும்.

படி 4: கட்டத்தாளில் அடக்குங்கள்

பட்டுச் சேலை டிசைன் தறிக்குப் போகும் முன் கிராஃப் தாளில் ஏறும். ஒவ்வொரு கட்டமும் நூலின் கணக்கு. அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள், அந்த அட்டைதான் ஜக்கார்டுக்கு எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று சொல்லும். அதற்கு முந்திய அடை முறையிலும் இதே கணக்கு நூலிலேயே கட்டி வைக்கப்பட்டிருந்தது. நீங்கள் நெய்யப் போவதில்லை. ஆனாலும் கட்டத்தாளில் ஒரு முறை போட்டுப் பார்த்தால் தேவையில்லாத நெளிவு எல்லாம் தானாக உதிரும்.

ஒற்றைப்படை அகலம் எடுங்கள், 13 கட்டம் அல்லது 15. அப்போதுதான் நட்ட நடுவே ஒரு வரிசை கிடைக்கும், இருபுறமும் சமமாக வரும். வளைவு போடும்போது படிகளின் நீளம் ஒழுங்காகக் கூட வேண்டும்: 1, 1, 2, 3, 5 என்று போனால் வளைவு வழுக்கிக்கொண்டு ஓடும். 1, 3, 1, 4 என்று தாவினால் பார்க்க உடைந்ததாக இருக்கும்.

இங்கேதான் எருக்கு தகராறு செய்யும். ஐந்து மடல் சதுரக் கட்டத்துக்குள் ஒழுங்காக உட்காராது. மேலிருந்து பார்த்த வடிவத்தை விட்டுப் பக்கவாட்டு வடிவத்துக்கு மாறுங்கள். கிரீடம் பக்கத்திலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு மடல், இருபுறமும் இரண்டிரண்டு. இருபுறமும் சமம், கட்டத்தில் கச்சிதம். நெசவில் மலரைவிட மொக்கு அதிகம் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். மேலிருந்து பார்த்த ஐந்து மடல்தான் வேண்டும் என்றால் அதை மண்ணுக்கோ ஆரிக்கோ வைத்துக்கொள்ளுங்கள். பாகைமானியில் 72 பாகைக்கு ஒரு கோடு போட்டால் ஐந்தும் சமமாக அமையும்.

படி 5: அடுக்குங்கள்

உருவைப் பத்துப் பன்னிரண்டு பிரதி எடுத்து வெட்டி, தரையில் பரப்பி விளையாடுங்கள். ஒரே வரிசையில் நெருக்கினால் கரை. இரண்டாம் வரிசையை அரை உரு தள்ளி வைத்தால் புட்டா. ஒன்று மேலே பார்க்க அடுத்தது கீழே பார்க்க வைத்தால் பல்லோடு பல் கோத்துக்கொண்ட ரேக்கு. அப்போது நடுவில் விடுபடும் வெற்றிடமும் உருவின் அதே வடிவில், வேறு நிறத்தில் தெரியும்.

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் இடைவெளியில்தான் சறுக்குகிறார்கள். உருவை மட்டும் பார்க்கிறார்கள், இடையில் இருக்கும் வெற்றிடத்தைப் பார்ப்பதில்லை. தாளைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்காவது வெள்ளையாக ஒரு ஆறு ஓடுவது போல் தெரிந்தால் அங்கே அடுக்கு பிசகியிருக்கிறது.

கணக்கு எளிது. சுருக்குப் பையின் சுற்றளவு 40 செ.மீ., உரு 2.5 செ.மீ., இடைவெளி 1.5 செ.மீ. என்றால் சரியாகப் பத்து உரு. தைத்தபின் சுற்றளவு 42 ஆகிவிட்டதா? இடைவெளியை 1.7 ஆக்குங்கள். உருவை இழுக்காதீர்கள், இழுத்த உரு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 6: நிறம்

நிறத்தையும் பார்த்த இடத்திலிருந்தே எடுங்கள். மஞ்சள் மூக்கு நாரையில் பெரும்பகுதி வெள்ளை, அதற்கடுத்துக் கறுப்பு, இறக்கையின் கடைசியில் கொஞ்சம் இளஞ்சிவப்பு, அலகில் மஞ்சள். அந்த இளஞ்சிவப்பு கொஞ்சமாக இருப்பதால்தான் கண்ணை இழுக்கிறது. அதையே பாதிக்குப் பாதி போட்டால் பிறந்தநாள் பலூன் நிறமாகிவிடும். எந்த நிறம் எவ்வளவு என்பதை ஒரு காகிதப் பட்டையில் அகல அகலமாகத் தீட்டி நோட்டில் ஒட்டிவையுங்கள்.

காஞ்சிபுரம் நிறத்துக்குப் பேர் வைத்த ஊர். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் பேர் பெற்ற எம்.எஸ். நீலம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் எதிரெதிர் நிறத்தில் முட்டி நிற்கும். தொடங்குபவருக்கு அந்த ஒரு பாடம் போதும்: இரண்டு நிறம் துணிந்து, மூன்றாவது ஒரு சிட்டிகை.

படி 7: மண்ணில் ஒரு ஜோடி, தூக்கணாங்குருவிக் கூடு

பனையிலும் கிணற்றோர மரங்களிலும் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்தவர்களுக்கு அது ஏற்கெனவே காதில் தொங்குவது போலத்தான் இருக்கும். ஆண் குருவி பாதி கட்டி நிறுத்தி, பெட்டை வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும். அந்தப் பாதிக் கூடு கவிழ்த்த தொப்பி வடிவில் இருக்கும். ஜிமிக்கியின் குடை அச்சாக அதுதான். முழுக் கூட்டில் ஒல்லிக் கழுத்து, உப்பிய வயிறு, ஒரு பக்கமாகக் கீழே இறங்கும் வாசல் குழாய். முழுக் கூட்டையே எடுப்போம்.

மண்: ஏரியில் மண் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். கொஞ்சம்தான் தேவை என்பதால் பானை செய்பவரிடம் கேட்டு வாங்குவது சுலபம். காயவைத்து, இடித்து, ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிடுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசைந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சில நாள் வையுங்கள். நாள்பட்ட மண் வெடிக்காமல் வளையும்.

சுருக்கம்: இதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஒரு பட்டை மண்ணில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, காயவைத்துச் சுட்டு அளந்து பாருங்கள். 9 செ.மீ. இருந்தால் உங்கள் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. அப்படியானால் 25 மி.மீ. கூடு வேண்டுமென்றால் 28 மி.மீ. அளவில் செய்ய வேண்டும். கொக்கித் துளையும் அதே அளவில் சுருங்கும்.

உருவாக்கம்: நெல்லிக்காய் அளவு உருண்டையில் கட்டைவிரலை நுழைத்துத் திருப்பித் திருப்பி, சுவர் 2 முதல் 3 மி.மீ. வரும் வரை அழுத்துங்கள். கெட்டியாக விட்டால் காது மடல் தாங்காது. வாயை மேலே குவித்துக் கழுத்தாக்குங்கள். வயிற்றுக்குக் கீழே ஒரு பக்கமாகத் துளையிட்டு, சின்னக் குழாய் ஒட்டுங்கள். ஒட்டும் இரண்டு இடத்தையும் ஊசியால் கீறி, குழைந்த மண் தடவி அழுத்த வேண்டும். அந்த வாசல் அழகுக்கு மட்டுமில்லை. உள்ளே காலியாக இருக்கும் எந்த மண் பொருளுக்கும் காற்றும் நீராவியும் வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் சூளையில் வெடிக்கும். குருவி நமக்காகவே அந்த வழியை வைத்திருக்கிறது.

கவனம்: வாசல் ஒரு பக்கம் இருப்பதால் ஜோடியில் ஒன்றுக்கு இடப்புறம், மற்றதற்கு வலப்புறம் வர வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி செய்தால் மாட்டியதும் இரண்டு வாசலும் ஒரே பக்கம் பார்க்கும்.

நாரின் பின்னலைக் காட்ட ஈர்க்குச்சி முனையால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கீறல்கள் போதும். வட்டமாகக் கழுத்தைச் சுற்றி, பிறகு வயிற்றில் சாய்வாக. ஒவ்வொரு நாரையும் காட்ட முயலாதீர்கள், ஐந்தடிச் சோதனையை நினைவில் வையுங்கள். கொக்கிக்கான வளையத்தை நிக்ரோம் கம்பியில் செய்து ஈரத்திலேயே பதித்துவிடுங்கள். செம்புக் கம்பி சூட்டில் கறுத்துச் செதிலாக உதிரும்.

காய்ச்சலும் சுடுதலும்: நிழலில் நாலைந்து நாள். வெயில் வேண்டாம், மேல் காய்ந்து உள் ஈரமாக இருந்தால் விரிசல் விடும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியக் கூடாது. மண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீர் முழுவதும் போய் அது மண்பாண்டமாக மாற 600 டிகிரி செல்சியஸாவது வேண்டும், கெட்டியாக இன்னும் மேலே போக வேண்டும். வீட்டு அடுப்பு அந்தச் சூட்டைத் தராது. பானைச் சூளை வைக்கும் நாளில் உங்கள் நகைகளை ஒரு சின்னச் சட்டிக்குள் அடுக்கி, மூடி, பெரிய பானைகளுக்கு நடுவே வைத்துத் தரக் கேளுங்கள். காற்று நன்றாகப் போனால் செம்மண் நிறம் வரும், புகை மூட்டத்தில் சுட்டால் கறுப்பு. கூட்டுக்குக் கறுப்பும் பொருந்தும், பெயின்ட் செலவு மிச்சம்.

படி 8: துணியில் ஒரு சுருக்குப் பை

காடாத் துணியை முதலில் நன்றாகத் துவைத்துக் கஞ்சியை எடுங்கள், இல்லாவிட்டால் நிறம் பிடிக்காது. அச்சு செதுக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறை நட்சத்திரம், தாமரைத் தண்டில் வட்டத்துக்குள் துளைகள், வாழை மட்டையில் அறை அறையாக வலை. ஃபேப்ரிக் பெயின்டை ஸ்பாஞ்சில் தடவி, அதில் ஒற்றி எடுத்துத் துணியில் அழுத்துங்கள். முதலில் பழைய துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, மறுபுறம் திருப்பி இஸ்திரி போட்டால் நிறம் நிற்கும்.

ஆரியில் செய்வதாக இருந்தால் உங்கள் உருவை டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்க நெருக்கத் துளையிடுங்கள். துளையில் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும். மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் துணியில் புள்ளிக் கோடாக இறங்கும். ஒரே தாளைப் பல முறை பயன்படுத்தலாம். நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் போனால் மிச்சமோ குறையோ ஓரத் தையலுக்குள் மறைந்துவிடும்.

படி 9: விற்கும் முன்

விலை போடும்போது பொருள் செலவோடு உங்கள் மணிக்கூலியையும் சேருங்கள். டிசைன் யோசித்த நேரத்தை முதல் பத்து உருப்படிகளுக்குப் பிரித்துப் போடலாம். சுயஉதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு மகளிர் திட்டத்தின் ‘மதி’ விற்பனை வழிகள் உண்டு. தனியாகச் செய்பவர்கள் கைவினைஞர் அடையாள அட்டை வாங்கி வைத்தால் கண்காட்சிகளில் இடம் கேட்க உதவும்.

மயில்கண், மல்லிமொக்கு, ரேக்கு போன்ற பழைய உருக்களை நீங்கள் தாராளமாக எடுத்தாளலாம், யாருக்கும் தனிச் சொந்தம் இல்லாதவை. ஆனால் ‘காஞ்சிபுரம் பட்டு’ புவிசார் குறியீடு பெற்ற பெயர். செயற்கைப் பட்டு நூலில் செய்த வளையலுக்கும் பைக்கும் அந்தப் பெயரைச் சூட்டி விற்காதீர்கள். சீட்டில் என்ன பொருளால் ஆனது, எந்த ஊரில் செய்தது, எந்தச் செடியை அல்லது பறவையைப் பார்த்து எடுத்த உரு என்று மூன்று வரி எழுதுங்கள். “எருக்கம்பூக் கிரீடம், காடாத் துணி, ஆரி வேலை, உத்திரமேரூர்” என்று இருந்தால் வாங்குபவர் திருப்பிப் பார்த்துப் படிப்பார்.